எழுத்துள்ள பக்கம்

குரோய்டன்
2.3.2025

அன்பான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தம்பி செபமாலைமுத்து எழுதிறன். இஞ்சை நான், மரினா, ஏஞ்சலா மூண்டுபேரும் ஆளுக்கொரு தடிமனோடை சுகமா இருக்கிறம். அத்தான்ர இடுப்பும் உங்கட காதும் என்ன அளவிலை எண்டு எழுதுங்கோ. மாதாட்டை உங்களுக்காகத்தான் முதல் மண்டாடுறன், பேந்துதான் என்ர பிக்கப்புக்கு.

இந்தக் காலத்திலை மன்னாருக்குக் கடிதம் போடுற ஆள் நான் ஒருத்தன்தானாம். போஸ்ற் ஒபிசிலை நிக்கிற பிள்ளை முத்திரையை ஒட்டி ஒட்டிச் சிரிக்கிறாள். என்ன செய்ய, போன் எடுத்தால் உங்கட பக்கத்தாலை 'ஆ? ஆ?' எண்டு மட்டும்தான் வருது. நான் கத்திறதை என்ர அடுத்த வீட்டுப் போலந்துக்காரன்தான் முழுக்கக் கேட்டு, அடுத்த நாள் சுகம் விசாரிக்கிறான். இப்ப சொல்லப்போறது கத்திச் சொல்லுற விசயம் இல்லை.

எங்கட பிள்ளை ஏஞ்சலாவுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருக்குது. வந்திருக்குது எண்டால், அவளே கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தது. பெடியன் பேர் கிருசாந்தன், ரெயில்வேயிலை வேலை. குடிவகை உண்டோ எண்டு பாக்க நான் ஒரு கிளாசை நீட்டினன், ஒறேஞ் ஜூஸ் கேட்டவன். தகப்பன் லெஸ்லி எங்கட மன்னார்ப் பக்கத்து ஆள், வெம்பிளியிலை கராஜ் வைச்சிருக்கிறார். தாய் கண்ணை மூடி நாலு வருசம்.

என்ர பிக்கப்பை நீங்கள் படத்திலை கண்டனீங்கள்தானே. கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் எண்டு வாடகைக்குக் குடுக்கிற கதிரை, சமையல் கிடாரம், ஜெனரேற்றர் எல்லாம் ஏத்தி ஏத்திப் பின்பக்கம் குந்திப்போச்சு. முன்பக்கம் வானத்தைப் பாக்குது. ட்ராம் தண்டவாளம் கடக்கேக்கை கிடாரங்கள் கோயில்மணி மாதிரி அடிக்குது, சனம் திரும்பிப் பாக்குது. லெஸ்லி அண்ணர் கண்டிட்டு, "விட்டிட்டுப் போம் முத்து. சில்லு, ரயர், வில்லு எல்லாம் புதுசாப் போட்டுத் தாறன். எங்கட பிள்ளையளின்ர கலியாணச் சாமான் ஏத்தப்போற வண்டியெல்லோ" எண்டார். சம்மந்தியாகப் போறவரின்ர சொல்லை எப்பிடித் தட்டிறது. ஓம் எண்டிட்டன்.

இனித்தான் முக்கியம். ஆறு வருசத்துக்கு முன்னம் உங்கட வீட்டு விறாந்தையிலை வைச்சு ஏஞ்சலாவுக்கும் அந்த நோர்வேக்காரனுக்கும் கலியாண எழுத்து எழுதினது இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. ரெஜிஸ்ரர் புத்தகத்திலை ரெண்டு கையெழுத்து. கோயில்லை தாலி கட்ட முன்னமே அவன்ர மற்றக் குடும்பம் வெளியிலை வந்து, கோட்டிலை வழக்கு வைச்சு எல்லாம் வெட்டி முடிஞ்ச கதை. பிள்ளை ஒரு நாள் அவனோடை இருக்கேல்லை. ஆனால் எங்கட சனத்துக்கு எழுத்து எழுதினால் எழுதினதுதான். சுவாமியாருக்கு மட்டும் கோட்டுக் கடதாசி காட்டியிருக்கிறம். லெஸ்லி அண்ணரின்ர காதிலை விழுந்தால் இந்தக் கலியாணம் நிண்டுபோம். ஆர் கேட்டாலும் வாயைத் திறக்காதையுங்கோ. காதோடை சேந்து வாயும் அடைச்சுப்போச்செண்டு சொல்லுங்கோ.

வேறை விசேசம் இல்லை.

உங்கட கறுத்தத் தம்பி,
முத்து


மன்னார்
24.3.2025

அன்புத் தம்பி முத்துவுக்கு,

உன்ர கடிதம் முந்தநாள்தான் வந்தது. அத்தானுக்கு இடுப்பு பரவாயில்லை, எனக்குக் காது அப்பிடியே. மரினாவுக்கு இஞ்சித் தண்ணி வைச்சுக் குடு. நீ குடிக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும், அதைக் குறை.

எழுதினதெல்லாம் வாசிச்சன். ரெண்டுதரம் வாசிச்சன்.

அத்தான் சொல்லுறார், பாரம் ஏத்திற வண்டி எண்டால் பின்வில்லிலை ஒரு தகடு கூட்டிப் போடட்டாம். உயத்திறது வடிவுக்கு இல்லை, பாரம் தாங்கத்தான் எண்டு உனக்குச் சொல்லட்டாம். லொறி ஓடின மனிசன், உன்ர பிக்கப்பைப் பற்றிக் கேட்டதிலை இருந்து ரெண்டு பிடி சோறு கூடச் சாப்பிடுறார்.

லெஸ்லி எண்டவர் நல்ல மனிசன் எண்டு கேள்வி. நல்ல மனிசரோடை நல்ல மாதிரி நட. சின்னனிலை நீ ஒளிச்ச மாங்காய் எல்லாம் உன்ர காச்சட்டைப் பைக்குள்ளாலை எட்டிப் பாக்கும், ஞாபகம் இருக்கோ.

பிள்ளையைக் கொஞ்சினதாச் சொல்லு.

அன்புள்ள அக்கா,
பெர்னடெற்


குரோய்டன்
20.4.2025, உயிர்த்த ஞாயிறு

அன்பான அக்காவுக்கு,

பெருநாள் வாழ்த்து. நாப்பது நாள் மச்ச மாமிசம் விட்டிருந்திட்டு இண்டைக்கு ஆட்டிறைச்சி சாப்பிட்டதிலை நான் பேனை பிடிக்கிற அளவுக்குத்தான் சுகம். உங்கை எல்லாரும் நல்லாச் சாப்பிட்டுப் படுத்திருப்பியள் எண்டு நம்பிறன்.

பிக்கப் வந்திட்டுது. அத்தான் ஒருக்காப் பாக்கோணும். ரெண்டு இஞ்ச் உயந்து, புதுச் சில்லு, கட்டை கட்டையாப் பல்லு வைச்ச ரயர், நாலு மூலைக்கும் புது சொக் அப்சோபர், பின்வில்லிலை அத்தான் சொன்ன தகடு. இருபத்தஞ்சு வருசமாக் குனிஞ்சு நிண்டவன் திடீரெண்டு நெஞ்சை நிமித்தினது போலை நிக்குது. மரினா ஸ்ரூல் வைச்சுத்தான் ஏறுறாள். இறங்கேக்கை என்ர கையைப் பிடிக்கிறாள். கடைசியாப் பிடிச்சது கலியாணப் படத்துக்கு.

ரயரிலை வெள்ளை எழுத்து இருக்குது. அந்தப் பக்கம் வெளியிலை தெரியிறமாதிரிப் பூட்டுங்கோ எண்டு நான் முதலே சொல்லி வைச்சனான். நடுவிலை எம் பிளஸ் எஸ் எண்டு போட்டிருக்குது. மரினாவும் செபமாலையும், கொம்பனிக்குச் சொல்லி அச்சடிப்பிச்சனான் எண்டு மனிசிக்குச் சொன்னன். ரெண்டு நாள் நம்பி எனக்கு முட்டைப்பொரியல் போட்டுத் தந்தவள். பேந்து ஏஞ்சலா, அது சேத்துக்கும் பனிக்கும் போடுற ரயரின்ர அடையாளம் எண்டு சொல்லிக் கெடுத்துப்போட்டாள்.

அக்கா, ஒரு விசயம் மட்டும் எனக்குக் குறுகுறுக்குது. சாவி தரேக்கை லெஸ்லி அண்ணர் தேத்தண்ணி ஊத்தித் தந்தார். குடிச்சன். "வேறை என்ன, முத்து?" எண்டார். "ஒண்டுமில்லை அண்ணை" எண்டன். துடைச்ச கையையே திரும்பவும் துடைச்சுக்கொண்டு, "வேறை ஒண்டுமில்லையோ?" எண்டார். காசுக் கதை முடிஞ்சுது, பிள்ளையளின்ர கதை முடிஞ்சுது, மழைக்கதையும் முடிஞ்சுது. பேந்து என்ன வேறை?

ஒரு துண்டும் எழுதித் தந்தவர். இங்கிலீசிலை அரைப்பக்கம். எனக்கு அதிலை என்ர பேர் மட்டும்தான் விளங்கிச்சு. ஏஞ்சலாட்டைக் காட்டினால், "ஏன் அப்பா, அவையிலை நம்பிக்கை இல்லையோ" எண்டுவாள். மடிச்சு டாஷ்போட்டுக்கை வைச்சிருக்கிறன்.

சில்லு பெருத்ததாலை இப்ப மீற்றரும் பொய் சொல்லுதாம். இருபது காட்டேக்கை வண்டி இருபத்தொண்டு ஓடுதாம். பொய் சொல்லுற வண்டியிலைதான் இண்டைக்குப் பூசைக்குப் போட்டு வந்தது.

வேறை விசேசம் இல்லை.

தம்பி,
முத்து


மன்னார்
12.5.2025

அன்புத் தம்பிக்கு,

பெருநாளுக்கு நாங்களும் நல்லாத்தான் சாப்பிட்டம். இஞ்சை வெய்யில் எரிக்குது. அத்தான் கிணத்தடியை விட்டு அசையிறார் இல்லை.

ரயர் எந்த வருசம் செய்தது எண்டு பாத்தியோ எண்டு கேக்கிறார். ரயரின்ர கன்னத்திலை ஒரு நீளமான வட்டத்துக்குள்ளை நாலு இலக்கம் இருக்குமாம். முதல் ரெண்டும் எத்தினையாம் கிழமை, கடைசி ரெண்டும் எந்த வருசம். பல்லுத் தேயாட்டியும் வயசு போன ரயர் பாரத்தோடை வெடிக்குமாம். அவர் அப்பிடி ஒருக்கா மதவாச்சியிலை லொறியைப் பிரட்டின கதையை இண்டைக்கும் சொல்லி முடிச்சார்.

லெஸ்லியின்ர முழங்கால் எப்பிடி? அந்தக் காலோடை குந்தி நாலு சில்லுக் கழட்டிப் பூட்டினது பாவம். அந்த மனிசனிலை குறை தேடாதை. உனக்குச் சொல்ல இருக்கிறதை நீ சொல்லு, அவர் சொல்ல இருக்கிறதை அவர் சொல்லட்டும்.

மரினாவையும் பிள்ளையையும் விசாரிச்சதாச் சொல்லு.

அக்கா


குரோய்டன்
4.6.2025

அன்பான அக்காவுக்கு,

முதுகெல்லாம் உரஞ்சி மருந்து பூசிக்கொண்டு எழுதிறன், மற்றும்படி சுகம். அத்தானைக் கிணத்தடியிலையே இருக்கச் சொல்லுங்கோ, நான் இருக்கிற இடத்தை விட அது திறம்.

அத்தான் சொன்ன இலக்கத்தைத் தேடி நாலு சில்லையும் சுத்தி வந்தன். வெளிப்பக்கத்திலை வெள்ளை எழுத்து இருக்குது, எம் பிளஸ் எஸ் இருக்குது, அந்த வட்டம் மட்டும் இல்லை. எங்கை இருக்குது தெரியுமோ? உள்பக்கம். நாலு ரயரையும் இலக்க எழுத்துள்ள பக்கத்தை உள்ளுக்கை திருப்பிப் பூட்டியிருக்கிறார். மறைக்க ஒண்டும் இல்லாதவன் எழுத்தை ஏன் உள்ளுக்கை திருப்பிறான்?

ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து, சாரத்தைக் கட்டிக்கொண்டு மல்லாந்து வண்டிக்குக் கீழை போனன். இஞ்சை இப்ப வண்டிக்குக் கீழை பூந்து சைலன்சர் பெட்டி அறுக்கிற கள்ளர் கூடிப்போச்சு. எதிர்வீட்டு ஜமேக்கா அன்ரி வெளியிலை நீட்டிக்கொண்டிருந்த ரெண்டு காலைக் கண்டிட்டுப் பொலிசுக்குப் போன் அடிக்கப் போயிட்டா. பேந்து சாரத்தை அடையாளம் பிடிச்சு, "மிஸ்ரர் முத்து, உம்மட வண்டியை நீரே களவெடுக்கிறீரோ" எண்டு கேட்டா. றோட்டுச் சனம் முழுக்கச் சிரிச்சுது. நானும் கீழை கிடந்து சிரிச்சன், இலக்கத்தை வாசிக்கும் மட்டும்.

மூண்டு ரயரிலை நாலு, எட்டு, ரெண்டு, நாலு. போன வருசத்தது, சரி. பின் இடப்பக்கத்திலை மூண்டு, ஒண்டு, ஒண்டு, ஆறு. ரெண்டாயிரத்துப் பதினாறு. ஒன்பது வருசக் கிழட்டு ரயர், அக்கா. கறுப்பு மை பூசி, வெள்ளை எழுத்தை வெளியிலை காட்டி, மற்ற மூண்டோடை சோடி சேத்திருக்குது. அந்த ரயருக்கு மேலைதான் என்ர பிள்ளை ஏறி இருக்கிறது.

ரயரிலை செய்யிறவன் என்ர பிள்ளையிலை என்ன செய்வான்? மகனுக்கும் இதே கைதானே? எனக்கு அந்த ஒறேஞ் ஜூஸிலையும் இப்ப சந்தேகம் வந்திட்டுது.

இன்னொண்டு. அந்தாளுக்கு முழங்கால் நோ எண்டு நான் உங்களுக்கு எழுதேல்லையே. எனக்கே தெரியாது. போன கிழமை ஏஞ்சலாட்டைக் கேட்டுத்தான் அறிஞ்சன், ஒப்பரேசனுக்கு நாள் பாக்கிறாராம். உங்களுக்கு ஆர் சொன்னது?

வேறை விசேசம் இல்லை, இதுக்கு மேலை தாங்கவும் ஏலாது.

தம்பி,
முத்து


மன்னார்
25.6.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன்ர முதுகுக்கு நல்லெண்ணெய் தடவு. இஞ்சை கடல் கலங்கி மீன் இல்லை. பாரைக்குட்டி விலை கேட்டால் தலை சுத்தும். சூடை மட்டும் வருது. பக்கத்து வளவு நகுலேஸ்வரியின்ர மாடு கண்டு போட்டுது, ரெண்டு நேரமும் பால் தாறா. மடுப் பெருநாளுக்குக் கொடி ஏறியாச்சு.

நீ கேட்டதுக்குப் பிறகு எழுதிறன். கண் கொஞ்சம் மங்கல்.

அக்கா


குரோய்டன்
16.7.2025

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் மூண்டுபேரும் சுகம். உங்கட கண் மங்கல் கேட்டுக் கவலை. மீன்விலை எழுதேக்கை மட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்குது, அது மாதா செய்த புதுமைதான்.

நான் ரெண்டு கேள்வி கேட்டனான். நீங்கள் மாடு கண்டு போட்ட கதை எழுதியிருக்கிறீங்கள். கண்டு ஆணோ பெண்ணோ எண்டும் எழுதேல்லை.

இந்த மாதம் வோல்சிங்கம் மாதாட்டைப் போனம். எங்கட சனம் பஸ் பஸ்ஸா வந்திறங்கி, உங்கட மடுத் திருவிழா மாதிரித்தான். நான் பிக்கப்பிலை ரெண்டு கிடாரமும் சோத்துப் பெட்டியும் ஏத்திக்கொண்டு, பக்கத்திலை ஏஞ்சலா. கிழட்டு ரயரை நினைச்சு இடக்கரையாலை ஊர்ந்து ஊர்ந்து போனன். பின்னாலை வந்த பஸ்காரர் எல்லாம் ஹோர்ன் அடிச்சவங்கள். ஏஞ்சலா, "அப்பா, வை சோ ஸ்லோ?" எண்டாள். சாம்பார் தளும்பும் எண்டன். அவள் காலைத் தூக்கி முன்னுக்கு வைச்சுக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டு வாறாள். எனக்குக் காது முழுக்கப் பின் இடப்பக்கத்திலை.

அங்கை லெஸ்லி நிண்டார், கையிலை பொல்லு. மெழுகுதிரி கொழுத்திற இடத்திலை என்னைக் கண்டிட்டு மெல்ல நொண்டிக்கொண்டு வந்தார். "சுகமோ முத்து? கராஜ் பக்கம் காணேல்லை. வண்டி எப்பிடி ஓடுது?" எண்டார். "திறம் அண்ணை" எண்டன். முகத்தைப் பாத்தன், ஒரு சுளிவும் இல்லை. பேந்து எல்லாரும் கூடி நிக்கிற இடத்தை விட்டு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "வேறை என்ன?" எண்டார்.

அக்கா, அது சும்மா கேக்கிற கேள்வி இல்லை. பொலிசிலை கேக்கிற கேள்வி. அந்தாளுக்கு எழுத்து எழுதின விசயம் மணத்திட்டுது எண்டு எனக்கு இப்ப சந்தேகம். மணத்தினதாலைதான் கிழட்டு ரயரைப் பூட்டி, 'உன்ரயும் இப்பிடித்தானே' எண்டு காட்டுறாரோ? இல்லாட்டில் அந்தாள் கள்ளன் மட்டும்தானோ? எது எண்டு தெரியாமல் எனக்கு நித்திரை இல்லை. ஆர் சொல்லியிருப்பினம்? பிள்ளையையும் சுவாமியையும் விட்டால் தெரிஞ்ச வாய் நாலே நாலு. என்ரயும் மரினாவின்ரயும் இஞ்சை இருக்குது.

மற்ற ரெண்டும் மன்னாரிலை.

நேரா எழுதுங்கோ. செப்டெம்பர் முதல் ஞாயிறு, ஏழாம் திகதி, கோயில்லை முதலாம் கலியாண ஓலை வாசிக்கப்போயினம். 'இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ' எண்டு சுவாமி கேக்கேக்கை நான் எந்தப் பக்கம் பாக்கிறது?

வேறை விசேசம் இல்லை.

முத்து


குரோய்டன்
6.8.2025

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிறன். உங்கட மறுமொழிக்குக் காத்திருக்க ஏலாது. கடிதம் போய் வரவே ஒண்டரை மாதம் எடுக்குது.

நான் முடிவெடுத்திட்டன். ஓலை வாசிக்க முன்னம், ஓகஸ்ட் கடைசிச் சனி வெம்பிளிக்குப் போறன். ரயரைக் காட்டி, களவுள்ள வீட்டிலை பிள்ளை குடுக்கமாட்டன் எண்டு சொல்லப்போறன். அவை எங்கடதைக் கண்டுபிடிச்சு வேண்டாம் எண்டு சொல்ல முன்னம் நாங்கள் அவையின்ரதைக் காட்டி வேண்டாம் எண்டால் பிள்ளைக்கு அவமானம் இல்லை. ஏஞ்சலாவுக்கு இன்னும் சொல்லேல்லை. நேற்று அந்தப் பெடியன்ர சேட்டுக்குத் தெறி தைச்சுக்கொண்டு இருந்தாள். தைக்கத் தெரியாத பிள்ளை.

வேறை விசேசம் இல்லை.

முத்து


மன்னார்
26.8.2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம், நீ எப்பிடியோ தெரியாது. உன்ர கடிதம் இண்டைக்குக் காலமை வந்தது. கையிலை பிடிச்சபடியே நகுலேஸ்வரியின்ர போனை வாங்கி உனக்கு அடிச்சன். நீ என்ன சொன்னனி எண்டு எனக்குக் கேக்கேல்லை, கேட்டிருந்தாலும் நல்லதாய் இராது. நான் சொன்னது உனக்குக் கேட்டிருக்கும் எண்டு நம்பிறன். துண்டிலை என்ன எழுதியிருக்குதெண்டு எனக்கும் தெரியாது. ஆனால் ஏமாத்திற மனிசன் அரைப்பக்கம் எழுதித் தரான்.

நீ கேட்டதுக்கு மறுமொழி. சொன்னது நான்தான்.

உன்ர முதல் கடிதம் வர முன்னமே லெஸ்லி எனக்குக் கடிதம் போட்டவர். மகனுக்குப் பேசியிருக்கிற பிள்ளை, நீங்கள் மாமி, தெரிஞ்சதை எழுதுங்கோ எண்டு. பகிடி இல்லை, நோட்டம் இல்லை, மரியாதையாக் கேட்டிருந்தார். நான் பொய் எழுதேல்லை. எழுத்து எழுதினதும் எழுதினன், அது எங்கட பிள்ளையின்ர பிழை இல்லை எண்டதும் எழுதினன். அதைப் பெட்டியிலை போட்டு மூண்டாம் நாள்தான் 'வாயைத் திறக்காதையுங்கோ' எண்ட உன்ர கடிதம் வந்தது.

மே மாதம் அவற்ற மறுமொழி வந்தது. அதிலை என்னட்டை ஒரு வாக்குக் கேட்டிருந்தார். உனக்கும் வாக்கு, அந்த மனிசனுக்கும் வாக்கு. ரெண்டையும் வைச்சுக்கொண்டு பேனையைத் தூக்கினால் மீன்விலைதான் எழுத வருது. நீ குழப்பப்போறன் எண்டபடியால் இப்ப அவருக்குக் குடுத்த வாக்கை முறிக்கிறன். அவற்ற கடிதத்தை இதுக்குள்ளை வைச்சிருக்கிறன்.

இது உன்ர கைக்கு வர நீ போற சனிக்கிழமை முடிஞ்சிருக்கும். அதுக்கு மண்டாடுறதைத் தவிர என்னாலை ஒண்டும் ஏலாது.

கண்டு பெண்.

அக்கா,
பெர்னடெற்

(உள்ளே மடித்து வைத்திருந்த கடிதம்)

வெம்பிளி, 14.4.2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு, லெஸ்லி எழுதுவது. நலம், உங்கள் நலத்தையும் நாடுகிறேன். உண்மையை எழுதினதுக்கு நன்றி. என்ர மகனுக்குப் பிடிச்ச பிள்ளை, எனக்கும் பிடிச்ச பிள்ளை. இதாலை ஒண்டும் மாறாது. முத்து தானா வந்து சொல்லும் மட்டும் எனக்கு இது தெரியாது எண்டே இருக்கட்டும். நீங்களும் அவரிட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ. ஒரு தகப்பன் எனக்கு முன்னாலை தலை குனியிறதை எனக்குப் பாக்க ஏலாது. தானாச் சொன்னால் குனியத் தேவை இல்லை. நான் இடைக்கிடை கேட்டுப் பாப்பன். முழங்காலிலை ஒப்பரேசன் செய்யவேணும் எண்டு சொல்லியிருக்கினம், அதுக்கும் ஒருக்கா மண்டாடுங்கோ.


குரோய்டன்
21.9.2025

அன்பான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் சுகம். இண்டைக்கு மூண்டாம் ஓலையும் வாசிச்சாச்சு. ஒருத்தரும் எழும்பேல்லை, ஒரு குழந்தைப்பிள்ளை மட்டும் கத்திச்சு. கலியாணம் நவம்பரிலை. முறையா எழுதிறன், பொறுமையா வாசியுங்கோ.

நீங்கள் போன் எடுக்கேக்கை நான் லூயிஷாமிலை ஒரு பிறந்தநாள் வீட்டிலை ஏணியிலை நிண்டு கூடாரம் கட்டிக்கொண்டிருந்தனான். "தம்பி, நீ கதையாதை, எனக்குக் கேக்காது. துண்டை வாசி. துண்டை வாசி" எண்டு போட்டுக் கட் பண்ணிட்டீங்கள். கீழை நிண்ட வீட்டுக்காரர் கேக் வெட்டிற துண்டோ எண்டு கேட்டவர். அவ்வளவு சத்தம்.

அண்டைக்குப் பின்னேரமே ஏஞ்சலாட்டைக் குடுத்தன். அவள் வாசிச்சுச் சொன்னாள், "பின் இடப்பக்க ரயர் புதுசு இல்லை. நாலாவது வந்து சேரேல்லை, அதாலை கராஜிலை கிடந்த பழசைத் தற்காலிகமாப் பூட்டியிருக்கிறன். பாரம் ஏத்த வேண்டாம். ரெண்டு கிழமையாலை வந்து மாத்தவும்." அதுக்குக் கீழை ரெண்டு கோடு. சிவப்பு மையிலை.

நான் மல்லாந்து கிடந்து கண்டுபிடிச்ச களவை அந்தாள் முதல் நாளே எழுதிக் கையிலை தந்திருக்கிறார், அக்கா. "அப்ப இலக்கத்தை ஏன் உள்ளுக்கை திருப்பினவர்?" எண்டன். ஏஞ்சலா என்னைப் பாத்தாள். "வெள்ளை எழுத்து வெளியிலை வரோணும் எண்டு நீங்கள்தானே அப்பா அங்கை நிண்டு அடம்பிடிச்சனீங்கள்? அப்ப மற்றப் பக்கத்து இலக்கம் உள்ளுக்கைதானே போகும்" எண்டாள்.

ஓம். நான்தான்.

அப்ப மற்றக் கதையையும் எடுத்தன். அந்தாளுக்கு நோர்வேக்காரன்ர விசயத்தைச் சொல்லப்போறன் எண்டன். அவள் துண்டை மடிச்சு என்ர கையிலை தந்தாள். "கிருசாந்தனுக்கு ஃபேர்ஸ்ட் டேயே சொல்லிட்டன் அப்பா. அங்கிளுக்குச் சொல்லுறது உங்கட டேர்ன் எண்டு விட்டனாங்கள்" எண்டாள். இவ்வளவு நாளும் நான் பூட்டிக் காவல் இருந்தது வெறும் பெட்டி.

சனிக்கிழமை வெம்பிளிக்குப் போனன். கராஜ் மூலையிலை ஒரு புது ரயர் சாத்தி வைச்சிருந்தது. அதிலை வெண்கட்டியாலை தமிழிலை 'முத்து' எண்டு எழுதியிருந்தது. வெண்கட்டியே மங்கிப்போச்சு.

"மே மாதத்திலை இருந்து கிடக்குது. ஏன் வரேல்லை நீர்?" எண்டார்.

"துண்டு விளங்கேல்லை அண்ணை. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது."

"சொல்லியிருக்கலாமே. நான் தமிழிலை எழுதியிருப்பன்."

அவற்ற வேலையாள் ஜாக் வைச்சுச் சில்லைக் கழட்ட, அவர் பொல்லோடை கதிரையிலை இருந்தார். தேத்தண்ணி வந்தது. அவர் கேக்கப்போற கேள்வியை நான் கேக்க விடேல்லை. அவர் வாயைத் திறக்க முன்னம் நான் சொல்லிட்டன். நோர்வே, ரெஜிஸ்ரர், உங்கட விறாந்தை, கோட்டு எல்லாம். பகிடி ஒண்டும் வரேல்லை, அக்கா. எனக்குப் பகிடி இல்லாமல் கதைக்கிறது சட்டை இல்லாமல் றோட்டிலை நிக்கிற மாதிரி.

அவர் முழுக்கக் கேட்டார். ஒருக்காலும் கேள்விப்படாத ஆள் மாதிரித்தான் கேட்டார். முடிய ஒரு கேள்விதான்.

"பிள்ளை கனக்க அழுதவளோ அப்ப?"

"ஓம் அண்ணை. ஒரு வருசம் சரியாச் சாப்பிடேல்லை."

"இப்ப சாப்பிடுறாள்தானே?"

"என்ர மீனையும் சேத்துச் சாப்பிடுறாள்."

"அப்ப சரி" எண்டார். பேந்து தேத்தண்ணியைப் பாத்து, "சீனி காணுமோ?" எண்டார். அவ்வளவுதான். நான் முகத்தைத் துடைக்க அங்கை கிடந்த கிறீஸ் துணியைத்தான் எடுத்தன். வீட்டை வந்தால் மரினா, "என்ன, அடிச்சவரோ?" எண்டு கேட்டாள்.

உங்கட கடிதம் பன்ரெண்டாம் திகதிதான் கைக்கு வந்தது. அவற்ற கடிதத்தை நாலுதரம் வாசிச்சன். உங்களோடை ஒரு நேரம் கோவமா இருந்தனான், புட்டுச் சாப்பிட்டதோடை போயிட்டுது. ஏப்ரலிலை இருந்து அந்த மனிசன் நொண்டி நொண்டி வந்து எனக்குக் கதவைத் திறந்து பிடிச்சிருக்குது. நான் ஒவ்வொருக்காலும் பொலிஸ் எண்டு நினைச்சு ஓடியிருக்கிறன். அவருக்கு முதலே தெரியும் எண்டு எனக்குத் தெரியும் எண்டதை நான் அவருக்குச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். நீங்கள் வாக்கு முறிச்சது எங்கட வீட்டுக்கை இருக்கட்டும்.

போன சனி திரும்பவும் கராஜுக்குப் போனனான். நாலு ரயரையும் கழட்டித் திருப்பிப் பூட்டச் சொன்னன். "வெள்ளை எழுத்து உள்ளுக்கைப் போயிருமே, முத்து, வடிவு போயிருமே" எண்டார். போகட்டும் எண்டன். இப்ப வட்டமும் இலக்கமும் வெளியிலை இருக்குது, றோட்டாலை போற ஆரும் வாசிக்கலாம். நாலும் சோடி. மரினாவுக்குத்தான் கவலை, எம் பிளஸ் எஸ் உள்ளுக்கைப் போச்செண்டு.

இண்டைக்குப் பூசை முடிய, வாசலிலை நிண்ட பிக்கப்புக்குக் கிட்டப் பொல்லை ஊண்டிக்கொண்டு வந்து, "வேறை என்ன, முத்து?" எண்டார். பழக்கத்திலை கேட்டதோ, பகிடிக்குக் கேட்டதோ தெரியாது. "ஒண்டுமில்லை அண்ணை" எண்டன். அவர் குனிஞ்சு சில்லைப் பாத்திட்டுத் தலையாட்டினார்.

கண்டுக்கு என்ன பேர் வைச்சவை எண்டு எழுதுங்கோ. அத்தானுக்கு ரயர்க் கதையை உரத்து வாசிச்சுக் காட்டுங்கோ.

வேறை விசேசம் இல்லை, அக்கா. இந்தமுறை உண்மையா இல்லை.

உங்கட தம்பி,
முத்து